பென்சிலுக்கு முன்னே விரல்கள்: மரியா மாண்டிசோரி அம்மையாரின் வாழ்விலிருந்து



மறைக்கல்வி வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் ஆண்டுக்கு ஓரிருவர் இப்படி இருப்பதுண்டு. செபங்களைத் தடங்கலில்லாமல் சொல்வார்கள். பாட்டு என்றால் முதல் ஆளாக எழுந்து நிற்பார்கள். விவிலியக் கதையை ஒருமுறை கேட்டால் போதும், அடுத்த வாரம் நமக்கே திருப்பிச் சொல்வார்கள். ஆனால் நோட்டை எடுத்து எழுதச் சொன்னதும் முகம் வாடிவிடும். பென்சிலைக் கைப்பிடிக்குள் இறுக்கிப் பிடித்து அழுத்துவார்கள். முனை ஒடியும், தாள் கிழியும். எழுத்து எந்தப் பக்கம் வளைகிறது என்று தெரியாமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டை எட்டிப் பார்ப்பார்கள். சோம்பேறி என்பார் ஆசிரியர். இவனுக்குப் படிப்பு ஏறாது சாமி என்பார் தகப்பன்.

குருப்பட்டம் பெற்ற புதிதில் நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவனாகத்தான் இருந்தேன். உறுதிபூசுதலுக்குத் தயாரித்துக்கொண்டிருந்த ஒரு பையன் தன் பெயரைக்கூட ஒழுங்காக எழுதவில்லை என்பதற்காக, அதைப் பத்துமுறை எழுதிக்கொண்டு வா என்று அனுப்பிவிட்டேன். அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது, தாய் ஒரு நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். பத்துமுறை அல்ல, முப்பது நாற்பது முறை எழுதிப் பார்த்திருந்தான். நாற்பதும் தவறு.

அந்த நோட்டில் பிழை என்னுடையது என்பதைப் பல ஆண்டுகள் கழித்து ஒரு பெண்மணியின் வாழ்க்கையைப் படித்தபோதுதான் உணர்ந்தேன். அவர்தான் மரியா மாண்டிசோரி அம்மையார். அவருடைய பெயர் தாங்கிய பலகைகள் இன்று நம் ஊர்களில் தெருவுக்குத் தெரு தொங்குகின்றன. கட்டணம் அதிகமான மழலையர் பள்ளி என்பதுதான் அந்தப் பெயரைக் கேட்டவுடன் பலருக்கு நினைவுக்கு வருகிறது. அவருடைய முறை பிறந்த இடம் பணக்காரப் பிள்ளைகளின் பள்ளி அல்ல, யாருக்கும் வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகள் அடைபட்டுக் கிடந்த மனநலக் காப்பகம் என்பது பலருக்குத் தெரியாது.

மரியா 1870-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் இத்தாலியில் அங்கோனாவுக்கு அருகிலுள்ள கியாரவாலே என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை அலெஸ்ஸாந்த்ரோ நிதித்துறையில் அரசு அலுவலர். தாய் ரெனில்தே படிப்பில் ஆர்வமுள்ளவர். ஒரே மகள். அவருடைய சிறு வயதிலேயே குடும்பம் உரோமைக்குக் குடிபெயர்ந்தது. பெண்பிள்ளை படித்தால் ஆசிரியை ஆகலாம், அதற்குமேல் எதற்கு என்று எண்ணப்பட்ட காலம் அது. மரியாவோ முதலில் பொறியாளர் ஆக வேண்டும் என்றார், பிறகு மருத்துவர் ஆவேன் என்றார். தந்தைக்கு விருப்பமில்லை. தாய் மகளின் பக்கம் நின்றார். மருத்துவக் கல்லூரியில் ஆண் மாணவர்களோடு சேர்ந்து பிணத்தை அறுத்துப் படிப்பது பெண்ணுக்கு அழகல்ல என்று சொல்லி, மாலையில் எல்லோரும் போனபின் தனியாக வந்து படிக்கச் செய்தார்கள். இறந்தோரின் உடல்கள் கிடந்த அறையில், விளக்கொளியில், ஓர் இளம்பெண் தனியாக! 1896-இல் அவர் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதல் பெண் மருத்துவர் என்று பல நூல்களில் எழுதியிருக்கிறார்கள். அது சரியல்ல, அவருக்கு முன்பே ஒரு சிலர் பட்டம் பெற்றிருந்தார்கள். அதனால் அவர் பட்ட பாடு குறைந்துவிடாது.

பட்டம் பெற்றபின் உரோமைப் பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவப் பிரிவில் உதவியாளராகச் சேர்ந்தார். சிகிச்சைக்கு உரியவர்களைத் தேர்ந்தெடுக்க நகரிலிருந்த காப்பகங்களுக்குப் போய்வருவது அவர் வேலைகளில் ஒன்று. அங்கே பெரியவர்களோடு பிள்ளைகளும் அடைக்கப்பட்டிருந்தார்கள். பேச்சு வராதவர்கள், மந்தமானவர்கள், வலிப்பு நோயுள்ளவர்கள், பள்ளி ஏற்காதவர்கள் எல்லோரும் ஒன்றாக. அவர்களைக் குறிக்க அன்றைய மருத்துவ நூல்கள் பயன்படுத்திய சொற்களை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை.

அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார்கள். ஒரு காப்பகத்தில் வெறும் அறைக்குள் அடைபட்டிருந்த பிள்ளைகளைப் பற்றி அவர்களைக் கவனித்துக்கொண்ட பெண் அருவருப்போடு குறை சொன்னாராம். சாப்பாடு முடிந்ததும் தரையில் விழுந்து கிடக்கும் ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குகிறார்கள் என்பது அவர் புகார். மரியா அறையைச் சுற்றிப் பார்த்தார். அங்கே ஒரு பொம்மை இல்லை, ஒரு குச்சி இல்லை, கையில் எடுத்துப் பார்க்க எதுவுமே இல்லை. அந்தப் பிள்ளைகள் துணுக்குகளைத் தேடியது வயிற்றுப் பசியால் அல்ல, கைகளின் பசியால் என்பது அவருக்குப் புரிந்தது. மூளைக்கு மருந்து தேடிக்கொண்டிருந்த மருத்துவர் அன்று முதல் விரல்களைக் கவனிக்கத் தொடங்கினார்.

இதே எண்ணம் தனக்கு முன் வேறு யாருக்காவது வந்திருக்கிறதா என்று தேடினார். இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் கிடைத்தார்கள். ஒருவர் இத்தார். 1800-ஆம் ஆண்டில் அவேரோன் பகுதிக் காட்டிலிருந்து பிடிபட்ட, விக்டர் என்று பெயரிடப்பட்ட சிறுவனுக்கு ஆண்டுக்கணக்கில் பொறுமையோடு கற்பித்தவர். இன்னொருவர் அவருடைய மாணவர் செகான். அறிவுவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கென்றே பள்ளி நடத்தி, 1846-இல் அதைப் பற்றிப் பெரிய நூல் எழுதி, பின்பு அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். தசைக்கும் புலனுக்கும் பயிற்சி கொடுத்தால் அறிவு விழிக்கும் என்பது செகானின் வழி. இந்த இருவரின் நூல்களையும் மரியா தம் கையாலேயே இத்தாலிய மொழியில் முழுவதும் எழுதினார். செகானின் நூல் மட்டும் அறுநூறு பக்கங்களுக்கு மேல். அச்சுக்கலை வருவதற்கு முன் பெனடிக்ட் சபைத் துறவிகள் ஏடுகளைப் படியெடுத்ததுபோல எழுதினேன் என்ற பொருளில் பின்னாளில் அவரே குறிப்பிட்டிருக்கிறார். ஒவ்வொரு சொல்லின் எடையும் மனத்தில் இறங்க வேண்டும் என்பதற்காகவாம். கையெழுத்தைப் பற்றி உலகுக்குக் கற்பிக்கப் போகிறவர் முதலில் தம் கை வலிக்க எழுதினார்!

1898-இல் தூரின் நகரில் நடந்த கல்வி மாநாட்டில், இந்தப் பிள்ளைகளுக்குத் தேவை மருத்துவத்தைவிடக் கல்வியே என்று பேசினார். இரண்டு ஆண்டுகளில், 1900-இல், உரோமையில் இத்தகைய பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. அதை மருத்துவர் மொந்தெசானோ என்பவரோடு சேர்ந்து மரியா நடத்தினார். காலை 8 மணி முதல் இரவு 7 மணி வரை பிள்ளைகளோடு. இரவில் அன்று கண்டவற்றையெல்லாம் எழுதி, ஒப்பிட்டு, மறுநாளுக்கான பொருள்களைத் தயாரிப்பார்.

அங்கே பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். கைகளில் வலிமைக்குக் குறைவில்லை. ஆனால் தையல் வரவில்லை. ஊசியைத் துணியின் இழைகளுக்கு மேலும் கீழுமாக மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். அதுதான் முதல் பாடம். எத்தனை முறை காட்டினாலும் அவளால் முடியவில்லை. நாமாக இருந்தால் என்ன செய்வோம்? இன்னும் பத்துமுறை செய் என்போம். மரியா ஊசியையும் துணியையும் எடுத்து வைத்துவிட்டார். அதற்குப் பதிலாகக் காகிதப் பின்னல் கொடுத்தார். நெடுக்கில் பொருத்தியிருக்கும் காகிதப் பட்டைகளுக்கு இடையே குறுக்குப் பட்டை ஒன்றை மேலும் கீழுமாக நுழைக்கும் விளையாட்டு அது. நம் ஊரில் ஓலைப்பாய் முடைவதைப் பார்த்தவர்களுக்கு உடனே புரியும். சிறுமிக்கு அது பிடித்துவிட்டது, கை பழகிவிட்டது. பிறகு மீண்டும் ஊசியைக் கொடுத்தபோது, யாரும் சொல்லித் தராமலே ஊசி மேலும் கீழுமாக ஓடியது.

சின்ன நிகழ்ச்சிதான். ஆனால் மரியா அதைச் சின்னதாக விடவில்லை. ஒரு வேலை வராத பிள்ளையை அதே வேலையில் மீண்டும் மீண்டும் தள்ளக் கூடாது, அந்த வேலைக்குள் இருக்கும் அசைவை மட்டும் பிரித்தெடுத்து வேறொரு எளிய செயலில் கைக்குப் பழக்க வேண்டும், கை தயாரான பிறகே வேலையைக் கொடுக்க வேண்டும் என்று கண்டுகொண்டார். தையலுக்கு இது பொருந்துமென்றால் எழுத்துக்கு ஏன் பொருந்தாது?

உடனே மரத்தில் எழுத்துகளைச் செய்யச் சொன்னார். அரை சென்டிமீட்டர் கனமான பலகையில், சின்ன எழுத்துகள் 8 சென்டிமீட்டர் உயரமும் நீண்ட எழுத்துகள் அதற்கேற்ற அளவும் கொண்ட கூட்டெழுத்துகள். உயிரெழுத்துகளுக்குச் சிவப்பு எனாமல், மெய்யெழுத்துகளுக்கு நீலம். பிள்ளைகள் இந்த எழுத்துகளின் மேல், எழுதும் திசையிலேயே, விரலை ஓட்ட வேண்டும். முதலில் ஆள்காட்டி விரலால். அடுத்து ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்த்து. மூன்றாவதாக, பேனா பிடிப்பதுபோலப் பிடித்த சிறு மரக்குச்சியால். பிள்ளைக்குத் தெரியாமலே அவன் கை எழுதக் கற்றுக்கொண்டிருந்தது. தாளும் இல்லை, மையும் இல்லை, தவறும் இல்லை. அழித்து அழித்துக் கிழிந்துபோக ஒரு நோட்டும் இல்லை.

ஒரே ஒரு குறை. சில பிள்ளைகளின் விரல் எழுத்தின் பாதையை விட்டு விலகிப் போனது. எழுத்தில் பள்ளம் வெட்டினால் விரல் வழுக்காது என்று நினைத்தார், செலவு மிகுதி என்று விட்டுவிட்டார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இதற்குத் தீர்வு வறுமையின் வழியாக வந்தது.

இந்தப் பிள்ளைகளில் சிலர் நன்றாக எழுதவும் படிக்கவும் கற்று, மற்றப் பிள்ளைகளோடு பொதுத் தேர்வில் உட்கார்ந்து தேர்ச்சியும் பெற்றார்கள். பார்த்தவர்கள் அதிசயம் என்றார்கள். மரியாவுக்கு மட்டும் மனத்தில் வேறு கேள்வி. இவர்களே இவ்வளவு செய்ய முடியுமென்றால், குறை ஏதும் இல்லாத பிள்ளைகளை நம் பள்ளிகள் என்ன செய்து இப்படி முடக்கி வைத்திருக்கின்றன என்று கேட்டார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் கடந்து போவது நேர்மையாகாது. 1898 மார்ச் மாதத்தில் மரியாவுக்கும் மொந்தெசானோவுக்கும் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அவர்கள் திருமணம் செய்திருக்கவில்லை. செய்தி வெளியே தெரிந்தால் அந்தக் காலத்தில் ஒரு பெண்ணின் தொழிலும் பெயரும் அன்றோடு முடிந்தன. குழந்தை மாரியோ நாட்டுப்புறத்தில் ஒரு குடும்பத்திடம் வளர விடப்பட்டான். தாய் அவ்வப்போது போய்ப் பார்ப்பார், தாய் என்று சொல்ல மாட்டார். 1901-இல் மொந்தெசானோ வேறொருவரை மணந்தார். மரியா அந்தப் பள்ளியை விட்டே வெளியேறினார். பிறர் கைவிட்ட பிள்ளைகளுக்காக காலை முதல் இரவு வரை உழைத்த பெண், தம் சொந்தப் பிள்ளையை வளர்க்க முடியாத நிலையில் இருந்தார். இதைச் சொல்லி அவரைக் குறைப்பவர்கள் உண்டு. எனக்குக் கல்லெறியக் கை எழவில்லை. அந்தக் குழந்தையின் தந்தையைப் பற்றி உலகம் ஒன்றும் கேட்கவில்லை என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும் அல்லவா?

பிறகு சில ஆண்டுகள் மரியா மீண்டும் மாணவியாகி மெய்யியலும் உளவியலும் மானிடவியலும் படித்தார். 1907 சனவரி 6, திருக்காட்சிப் பெருவிழா நாள். உரோமையின் சான் லோரென்சோ பகுதியில், மார்சி தெருவில் 58-ஆம் எண் கட்டடத்தில், குழந்தைகள் இல்லம் என்ற பெயரில் ஒரு சிறு பள்ளி தொடங்கப்பட்டது. ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு அது. பெற்றோர் வேலைக்குப் போனபின் மாடிப்படிகளிலும் சுவர்களிலும் கிறுக்கித் திரிந்த 3 வயது முதல் 6 வயது வரையிலான பிள்ளைகளை ஓரிடத்தில் வைத்திருக்கக் கட்டட நிர்வாகத்தினர் தேடிய வழி. பொறுப்பு மாண்டிசோரி அம்மையாரிடம் வந்தது.

குமிழ் வைத்த மர உருளைகளைப் பிடித்து அததன் குழியில் வைப்பது, சட்டத்தில் பொருத்திய துணியில் பொத்தான் போடுவது, நாடா கட்டுவது, வெதுவெதுப்பான நீரில் கைகழுவி விரல்நுனியால் சொரசொரப்பையும் வழவழப்பையும் தடவி அறிவது என்று பிள்ளைகள் நாளைக் கழித்தார்கள். உருளையின் குமிழைப் பிடிக்க மூன்று விரல்கள் வேண்டும். பென்சிலைப் பிடிப்பதும் அதே மூன்று விரல்கள்தான். எழுத்து என்ற பேச்சையே அம்மையார் எடுக்கவில்லை. சில தாய்மார்கள்தான் வந்து கெஞ்சினார்கள். பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பிள்ளைகள் இத்தனை கற்றுக்கொள்கிறார்களே, எழுத்தையும் சொல்லிக்கொடுங்கள் அம்மா என்றார்கள்.

பழையபடி எனாமல் பூசிய மர எழுத்துகள் செய்து தர ஆள் கிடைக்கவில்லை, பணமும் இல்லை. எனவே உப்புத்தாளை எழுத்து வடிவில் வெட்டி வழவழப்பான அட்டையில் ஒட்டினார்கள். ஆம், நம் தச்சர்கள் மரம் தேய்க்கும் அதே உப்புத்தாள். விலகிப் போன விரலின் பிரச்சினை அதோடு தீர்ந்தது! விரல் எழுத்தின் மேல் போகும்வரை சொரசொரப்பு தெரியும், வெளியே போனால் வழுக்கும். கண்ணால் திருத்த வேண்டியதில்லை, ஆசிரியர் அதட்ட வேண்டியதில்லை, விரலே தன்னைத் திருத்திக்கொள்ளும். முன்பு செய்த அழகான மர எழுத்துகளைவிட இவை மேலானவை என்று அம்மையாரே ஒப்புக்கொண்டார். கையில் காசு இருந்திருந்தால் உப்புத்தாளுக்குப் போயிருக்க மாட்டார்.

எழுதுவதில் இரண்டு தனித்தனி அசைவுகள் உண்டு என்பது அவருடைய கணிப்பு. ஒன்று கருவியைப் பிடித்து அடக்கி ஓட்டுவது. மற்றொன்று எழுத்தின் வடிவத்தை வரைவது. இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்பதால்தான் பிள்ளை திணறுகிறது. முதலாவதற்கு உலோகத்தில் வெட்டிய வட்டம், முக்கோணம் போன்ற வடிவங்களைக் கொடுத்தார். ஓரத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடிழுத்து, உள்ளே வண்ணப் பென்சிலால் கோடு கோடாக நிரப்ப வேண்டும். இரண்டாவதற்கு உப்புத்தாள் எழுத்துகள். இவற்றோடு, தனித்தனியாக வெட்டிய எழுத்துகளைத் தரையில் அடுக்கிச் சொல் அமைக்கும் பெட்டியும் இருந்தது. கை எழுதத் தயாராகாத பிள்ளையும் மனத்திலுள்ள சொல்லை வெளியே வைக்கலாம். எழுத வராதவனுக்கு எழுத்தே தெரியாது என்று முடிவுகட்டும் நமக்கு, இந்தப் பெட்டி நல்ல பாடம்.

அந்த ஆண்டு டிசம்பரில் ஒருநாள், குளிர்காலத்திலும் வெயில் இதமாக இருந்ததால், பிள்ளைகளோடு மொட்டைமாடிக்குப் போனார். பக்கத்தில் புகைபோக்கி ஒன்று இருந்தது. ஐந்து வயதுச் சிறுவனிடம் சாக்பீஸ் கொடுத்து அதை வரையச் சொன்னார். தரை ஓட்டில் வரைந்தான். அம்மையார் பாராட்டினார். சிறுவன் அவரைப் பார்த்தான், சிரித்தான், ஒரு கணம் தயங்கினான். பிறகு எனக்கு எழுதத் தெரியும் என்று கத்திக்கொண்டே மண்டியிட்டு, கை என்ற சொல்லை இத்தாலிய மொழியில் எழுதினான். அடுத்து புகைபோக்கி. அடுத்து கூரை. சத்தம் கேட்டு மற்றப் பிள்ளைகள் ஓடிவந்தார்கள். எனக்கும் சாக்பீஸ் கொடுங்கள் என்று கேட்டு வாங்கி அவர்களும் எழுதினார்கள். அதுவரை எழுதுவதற்காகக் கையில் ஒன்றும் பிடித்தறியாத பிள்ளைகள்! அவன் எழுதிய முதல் சொல் கை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது. அந்தக் கிறிஸ்மசுக்கு இரண்டு பிள்ளைகள் கட்டட நிர்வாகிக்கு நன்றிக் கடிதமே எழுதினார்கள்.

அதன்பின் நடந்தவை உலகறிந்தவை. 1909-இல் அவர் எழுதிய நூல் பல மொழிகளுக்குச் சென்றது. 1912-இல் தாய் இறந்தபின், வளர்ந்துவிட்ட மாரியோ அம்மையாரிடம் வந்து சேர்ந்தார். ஆனாலும் உறவினர் பையன் என்றே ஊருக்குச் சொல்லப்பட்டது. முசோலினி முதலில் அவருடைய பள்ளிகளை ஆதரித்தார், பிறகு பிள்ளைகளைப் படைவீரர்களாக்கப் பார்த்தார். ஒத்துப்போகாததால் 1934-இல் இத்தாலியில் அவர் பள்ளிகள் மூடப்பட்டன.

1939-இல், தம் 69-ஆம் வயதில், மாரியோவோடு சென்னை அடையாற்றுக்கு வந்தார். அழைத்தவர்கள் பிரம்மஞான சபையின் தலைவர் அருண்டேலும் அவர் துணைவியார் ருக்மிணி தேவியும். கத்தோலிக்கரான அவர் அங்கே தங்கியதைச் சிலர் குறை கூறினர். ஓலைக் கொட்டகைகளில் நடந்த முதல் பயிற்சிக்கு இந்தியா முழுவதிலுமிருந்து சுமார் 300 பேர் வந்தார்கள். 1940 சூனில் இத்தாலி போரில் இறங்கியதும், ஆங்கில அரசு மாரியோவைப் பகைநாட்டவர் என்று முகாமில் அடைத்தது. அம்மையார் அடையாறு வளாகத்தை விட்டு வெளியேறக் கூடாது என்றது. ஆகஸ்டு 31 அவருடைய 70-ஆம் பிறந்தநாள். அன்று வைஸ்ராயிடமிருந்து தந்தி வந்தது. பிறந்தநாள் பரிசாக அவருடைய மகனைத் திருப்பித் தருகிறோம் என்பது செய்தி. நாற்பத்திரண்டு ஆண்டுகள் வெளியே சொல்லப்படாத சொல்லை ஓர் அந்நிய அரசின் தந்தி சொல்லியது. பிறகு சில ஆண்டுகள் கொடைக்கானலில் பள்ளி நடத்தினார், இலங்கையிலும் பயிற்சி கொடுத்தார். 1952 மே 6-இல் நெதர்லாந்தின் நோர்ட்வைக் என்ற கடற்கரை ஊரில் இறந்தார். அங்குள்ள கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

அம்மையார் காலத்தில் மந்தம் என்ற ஒரே பெயரில் அடைக்கப்பட்ட பிள்ளைகளை இன்று வேறுபடுத்திப் பார்க்கிறார்கள். அறிவுவளர்ச்சியில் குறை உள்ளவர்கள் வேறு. அறிவில் குறையின்றி, எழுதுவதிலோ வாசிப்பதிலோ கணக்கிலோ மட்டும் தடுமாறும் கற்றல் குறைபாடு உள்ளவர்கள் வேறு. கற்றல் குறைபாடு என்ற பெயரே 1963-இல் அமெரிக்கக் கல்வியாளர் சாமுவேல் கிர்க் வழியாகத்தான் வழக்குக்கு வந்தது. இந்தியாவில் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதையும் 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. உப்புத்தாள் எழுத்து இந்தக் குறைபாட்டைப் போக்கிவிடும் என்று யாரும் ஏமாந்துவிட வேண்டாம். மருத்துவரிடமும் சிறப்பு ஆசிரியரிடமும் காட்ட வேண்டிய பிள்ளையைக் காட்டத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சிறப்பு ஆசிரியர் முதலில் என்ன செய்கிறார் என்று போய்ப் பாருங்கள். பென்சில் கொடுக்க மாட்டார். களிமண் பிசையச் சொல்வார், மணி கோர்க்கச் சொல்வார், துணி மாட்டும் கிளிப்பை அழுத்தித் திறக்கச் சொல்வார், காகிதத்தைக் கிழித்து ஒட்டச் சொல்வார், தட்டில் பரப்பிய ரவையில் விரலால் கோடு போடச் சொல்வார். ஒரு காரியத்தில் மட்டும் அவர்கள் அம்மையாரோடு ஒத்துப்போவதில்லை. பிள்ளையின் கைக்கு வளைவே இயல்பு, நேர்கோட்டில் தொடங்க வேண்டாம் என்றார் அவர். இன்றைய பயிற்சியாளர்களோ பெரும்பாலும் நேர்கோடு, படுக்கைக்கோடு, வட்டம், கூட்டல் குறி, சதுரம், முக்கோணம் என்ற வரிசையில் போகிறார்கள்.

மணலில் எழுதுவது நமக்குப் புதிதா என்ன? திண்ணைப் பள்ளிகளில் நம் முன்னோர் மணலில் விரலால்தான் எழுதக் கற்றார்கள். எழும்பூரில் அனாதைச் சிறுவர் இல்லம் நடத்திய ஆண்ட்ரு பெல் என்ற ஆங்கிலேயத் திருச்சபைக் குரு, நாட்டுப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு, அதைத் தம் இல்லத்தில் புகுத்தி, 1797-இல் இலண்டனில் நூலாகவும் வெளியிட்டார். நம்மிடமிருந்து போனதை நாமே மறந்துவிட்டு, மூன்று வயதுப் பிள்ளையிடம் நான்கு கோடு நோட்டையும் பென்சிலையும் திணிக்கிறோம்.

இப்போது எங்கள் பங்கில் மறைக்கல்வி நடக்கும் அறையின் ஓரத்தில் இரண்டு மணல் தட்டுகள் இருக்கின்றன. கன்னியர் ஒருவர் இரும்புக்கடையில் உப்புத்தாள் வாங்கி, தமிழ் எழுத்துகளை வெட்டி, பழைய நாள்காட்டி அட்டைகளில் ஒட்டியிருக்கிறார். ஒவ்வொன்றிலும் தொடங்கும் இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. 'ஞ' எழுத்தை வெட்ட மட்டும் அவருக்கு இரண்டு மாலைகள் பிடித்தன. கத்தரிக்கோலும் மழுங்கிப்போய்விட்டது. போன ஞாயிறு திருப்பலி முடிந்து அங்கே எட்டிப் பார்த்தேன். ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு 'ம' எழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். தவறான முனையிலிருந்து தொடங்கிவிட்டாள். நான் சொல்ல வாய் திறப்பதற்குள், அவளே விரலை எடுத்து, புள்ளியைத் தேடி, மறுபடியும் தொடங்கினாள்.